ஓரம் மங்கிய சொற்கள்

சட்டத்தைத் தமிழாக்கும் வேலையில் அருஞ்சொற்கள் பெரிய தொல்லையல்ல. கலைச்சொல் அகராதிகள் கைகொடுக்கும். இடறவைப்பவை எளிய சொற்கள்தாம். 'வேக்' என்ற ஆங்கில அடைமொழி அப்படிப்பட்டது. 'தெளிவற்ற' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். ஆனால் தெளிவின்மை எல்லாம் ஒரே வகையல்ல. 'புதிய நகராட்சிக் கட்டடம்' என்றால் புதியது நகராட்சியா, கட்டடமா? பொருள் இரண்டு, தனித்தனியே பார்த்தால் இரண்டும் தெளிவானவை. இதை ஆங்கிலத்தில் 'ஆம்பிகுவஸ்' என்பார்கள். 'நியாயமான காலத்துக்குள் முறையிடலாம்' என்பதற்கோ பொருள் ஒன்றுதான். ஒரு வாரம் நியாயம், இருபது ஆண்டு நியாயமல்ல. இதில் யாருக்கும் ஐயமில்லை. இடையில் எந்த நாளோடு நியாயம் முடிகிறது என்றுதான் சொல்ல முடியாது. பொருள் இருந்தும் அதன் ஓரம் மங்கியிருப்பதே 'வேக்'. எத்தனை முடி உதிர்ந்தால் வழுக்கை என்ற கேள்வியை வைத்து பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1923இல் இதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். நம் பேச்சுவழக்கில் இதற்கு அருகே வரும் சொற்கள் பழியையும் சேர்த்துச் சுமக்கின்றன. 'மழுப்பலான' என்றால் சொன்னவர் எதையோ மறைக்கிறார். 'மொட்டையான' என்றால் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டார். சட்டத்தின் மங்கலுக்கு இவை இரண்டும் பொருந்தா. புதுச்சேரியில் பிரெஞ்சுக் காகிதங்களோடும் மல்லுக்கட்டுபவர்களுக்கு இன்னொரு கண்ணியும் உண்டு: பிரெஞ்சில் 'தெரேன் வாக்' என்றால் காலிமனை. எழுத்துக்கூட்டல் ஒன்றே என்று நம்பித் 'தெளிவற்ற நிலம்' என எழுதினால் இல்லாத எல்லைத் தகராறு ஒன்றைக் கிளப்பிவிட்டதாகும்.

மங்கலாக எழுதப்பட்டதை மங்கலாகவே தமிழுக்குக் கொண்டுவருவது மொழிபெயர்ப்பாளரின் கடமை, அதைத் தெளிவாக்குவது அத்துமீறல் என்பது என் வாதம். இதற்குச் சான்று புதுச்சேரியை ஆளும் சட்டத்திலேயே இருக்கிறது. 1963ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச அரசுகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு, நிர்வாகியான துணைநிலை ஆளுநருக்கும் அமைச்சர்களுக்கும் 'எனி மேட்டர்' குறித்துக் கருத்து வேறுபாடு எழுந்தால் அதைக் குடியரசுத் தலைவரின் முடிவுக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. அந்த 'எனி' எதுவரை நீளும்? அரசியலமைப்பின் 239ஏஏ கூறில் தில்லிக்கும் இதே சொற்கள் உள்ளன. 2018 ஜூலை 4 அன்று உச்ச நீதிமன்றம், 'எனி மேட்டர்' என்பது 'எவ்ரி மேட்டர்' ஆகாது என்று தில்லி வழக்கில் தீர்ப்பளித்தது. புதுச்சேரி வழக்கில் 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, அரசின் அன்றாட அலுவல்களில் துணைநிலை ஆளுநர் தலையிட முடியாது என்றார். 2020 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. இனித் தமிழுக்கு வாருங்கள். 'எந்தப் பொருளிலும் கருத்து வேறுபாடு எழுந்தால்' என்று எழுதினால் அந்த 'உம்' ஒன்றே வழக்கை முடித்துவிடுகிறது. எல்லாப் பொருளும் உள்ளே வந்துவிடும். 'முக்கியமான பொருளில்' என்று எழுதினால் எதிர்த்தரப்புக்குத் தீர்ப்பெழுதிவிட்டோம். 'ஏதேனும் ஒரு பொருள் குறித்து' என்பது ஒன்றே இரு வாசிப்புக்கும் இடம் விடுகிறது. நீதிமன்றங்களே முரண்பட்டு நின்ற இடத்தில் ஓர் இடைச்சொல்லால் முடிவு சொல்ல நமக்கு அதிகாரம் ஏது?

இதற்கு மறுப்பு உண்டு, வலுவான மறுப்பு. சட்டம் குடிமகனுக்குப் புரிய வேண்டாமா? மங்கலான சட்டம் ஆள்பவர் கையில் ஆயுதமாகாதா? ஆகும். இணையவழிச் செய்திகளுக்குச் சிறைத்தண்டனை விதித்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவித்ததற்கு, 'தொந்தரவு', 'அசௌகரியம்' போன்ற வரையறையற்ற சொற்களும் காரணம். எது குற்றம் என்றே தெரியாமல் ஒருவரைச் சிறையில் தள்ளுவது அநியாயம் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் 66ஏ தமிழில் கூர்மையாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மூலத்தின் ஆபத்து தமிழ் வாசகர் கண்ணிலிருந்து மறைந்திருக்கும். குறையை அது இருக்கிறபடியே காட்டினால்தான் அதை எதிர்த்து வழக்காட முடியும். நன்னூல் பத்துக் குற்றங்களுள் 'மயங்க வைத்தல்' என்று ஒன்றைச் சொல்கிறதே என்பார்கள். அது இதுவா, அதுவா என்று வாசகரைத் திகைக்கவைக்கும் குற்றம். 'நகராட்சிக் கட்டடம்' வகை. தமிழாக்கத்தில் நாமே புதிதாக அப்படி மயக்கினால் அது மன்னிக்க முடியாத பிழைதான். 'நியாயமான காலம்' அப்படியல்ல. வெள்ளத்தில் வீடிழந்தவருக்கும் வீட்டிலேயே சும்மா இருந்தவருக்கும் ஒரே கெடு விதிக்காமல், ஆளையும் நிலைமையையும் பார்த்து முடிவெடுக்க நீதிபதிக்கு அது இடம் தருகிறது. 'முப்பது நாளுக்குள்' என்று எழுதினால் வாக்கியம் பளிச்சென்றுதான் இருக்கும். முப்பத்தோராம் நாள் வந்து நிற்பவரிடம் கதவைச் சாத்திவிடும்.

எளிய தமிழ் வேண்டுமென்ற கோரிக்கையோடு எனக்குச் சண்டையில்லை. 1965இன் ஆட்சிமொழிச் சட்டம் புதுச்சேரியில் தமிழை ஆட்சிமொழியாக்கியது மக்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்குத்தான். நீள வாக்கியத்தை உடைக்கலாம், 'மேற்படி', 'அன்னாரது' எல்லாவற்றையும் தூக்கி எறியலாம், எழுவாயை முன்னே கொண்டுவரலாம். இவற்றில் எதுவும் பொருளின் ஓரத்தைத் தொடுவதில்லை. தொடும் இடம் வரும்போது, மங்கலை அப்படியே விட்டுவிட்டு, அது மூலத்திலேயே உள்ளது என்று அடிக்குறிப்பில் எழுதிவைப்பதே சரி. அதைத் தீர்த்துவைக்கும் வேலை சட்டமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் உரியது.