555-க்கு எண் கொடுத்தவர்

எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களில் 555 டைமரைத் தெரியாதவர் இருக்க முடியாது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி வந்து, பிரெட்போர்டில் செருகி, எல்.இ.டி.யை மினுக்க வைத்த அந்தக் கறுப்புச் சில்லு பலருக்கு முதல் காதல். உள்ளே வரிசையாக மூன்று 5 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இருப்பதால்தான் அந்தப் பெயர் என்று எங்கள் லேபில் சொல்லித் தந்தார்கள். அதை வடிவமைத்த ஹான்ஸ் காமென்சிண்ட் சொன்னது வேறு. எண்ணைத் தேர்ந்தெடுத்தவர் சிக்னெடிக்ஸ் கம்பெனியின் மார்க்கெட்டிங் மேனேஜர் ஆர்ட் ஃபியூரி. ரெசிஸ்டருக்கும் எண்ணுக்கும் சம்பந்தமே இல்லையாம்.

அதைப் படித்த நாளிலிருந்து ஃபியூரி என் மனதை விட்டுப் போகவில்லை. காமென்சிண்ட் சிக்னெடிக்ஸ் வேலையை விட்டு வெளியே வந்து, அதே கம்பெனிக்கு ஒப்பந்த முறையில் இந்தச் சில்லை வரைந்து கொடுத்தவர். முதல் வடிவத்துக்கு 9 கால்கள் வேண்டியிருந்தது. 1971-ல் அதைத் திரும்ப யோசித்து, உள்ளே இருந்த மின்னோட்ட மூலத்தை எடுத்துவிட்டு ஒரு சாதாரண ரெசிஸ்டரைப் போட்டு, 8 காலுக்குள் அடக்கினார். அந்த ஒரு கால் குறைந்ததால்தான் மலிவான சின்ன உறைக்குள் அது நுழைய முடிந்தது. இதெல்லாம் வடிவமைப்பாளரின் மேதைமை, மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கட்டம் இருந்தது. கம்பெனி விற்கும் மற்ற சில்லுகளை இணைத்தாலே இந்த வேலை நடக்குமே, தனியாக ஒன்று எதற்கு என்று உள்ளே இருந்த பொறியாளர்களே எதிர்த்தார்கள். கணக்குப்படி அவர்கள் சொன்னது சரி. கம்பேரேட்டரும் ஃப்ளிப்-ஃப்ளாப்பும் இருந்தால் டைமர் தயார். செய்யலாம் என்று சொன்னவர் மார்க்கெட்டிங் மேனேஜர். 1972-ல் சந்தைக்கு வந்தது. ஐம்பது ஆண்டுகள் கடந்தும் உற்பத்தி நிற்கவில்லை.

சர்க்யூட் வரைந்துகொண்டிருந்த நான் சில்லுகளின் மார்க்கெட்டிங்குக்கு மாறியபோது வீட்டில் அப்பா கேட்ட ஒரே கேள்வி, "இதுக்காடா பி.இ. படிச்சே?" என்பதுதான். அவர் மனதில் இருந்தது வீடு வீடாகப் பையைத் தூக்கிக்கொண்டு அலையும் விற்பனைப் பிரதிநிதி. எதைச் செய்வது, யாருக்காகச் செய்வது, எதைச் சேர்க்காமல் விடுவது என்று முடிவெடுக்கிற ஒரு நாற்காலி கம்பெனிக்குள் இருக்கிறது என்பதை அவருக்குப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை. அப்போது ஃபியூரியின் கதை தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

பில் டேவிடோவின் கதையையும் சொல்லியிருப்பேன். ஸ்டான்ஃபோர்டில் மின்பொறியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர், இன்டெலில் மார்க்கெட்டிங்கை ஏற்றார். 1979 கடைசியில் மோட்டோரோலாவின் 68000-க்கு முன்னால் இன்டெலின் 8086 தடுமாறிக்கொண்டிருந்தது. 68000 சுத்தமான வடிவமைப்பு. நிரல் எழுதுகிறவர்களுக்கு அதுவே பிடித்தது. சில்லைத் திருத்த நேரமில்லை. டேவிடோவும் அவருடைய குழுவினரும் சில்லைச் சுற்றியிருந்த எல்லாவற்றையும் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள்: சோதனைக் கருவிகள், பயிற்சி, அப்ளிகேஷன் நோட்டுகள், அடுத்து வரப்போகும் சில்லுகளின் பட்டியல். வாங்குகிற பொறியாளருக்கு ராத்திரி பத்து மணிக்கு போர்டு வேலை செய்யாமல் போனால் யார் கைகொடுப்பார்கள் என்பதற்கு அது பதில். ‘ஆபரேஷன் க்ரஷ்’ என்று பெயர். ஒரு வாடிக்கையாளர் தன் புதுப் பொருளுக்கு உங்கள் சில்லைத் தேர்ந்தெடுத்தால் அது ஒரு ‘டிசைன் வின்’. ஒரே ஆண்டில் 2000 என்பது இலக்கு, தாண்டினார்கள். 1981 ஆகஸ்டில் வந்த ஐ.பி.எம். பி.சி.க்குள் உட்கார்ந்தது 8086-ன் தம்பி 8088. ராத்திரி பத்து மணிக்கு போர்டோடு தனியாக உட்கார்ந்து பழகிய ஒருவருக்குத்தான் அப்படி யோசிக்க வரும் என்று நினைக்கிறேன்.

எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது கோயம்புத்தூரில், கணபதிப் பக்கம் பம்ப்செட் ஸ்டார்ட்டர் பேனல் செய்கிற ஒரு பட்டறை. எங்கள் புதுச் சில்லு எவ்வளவு குறைந்த மின்சாரத்தில் ஓடும் என்பதைக் காட்டும் படங்களோடு போயிருந்தேன். முதலாளி பொறுமையாகப் பார்த்தார். பிறகு எழுந்துபோய், தோட்டத்திலிருந்து திரும்பி வந்திருந்த ஒரு பேனலைத் தூக்கிவந்து மேஜைமேல் வைத்துத் திறந்தார்.

உள்ளே எறும்பு. உயிரோடு இல்லை, ரிலேயின் இரண்டு முனைகளுக்கும் நடுவே நசுங்கி, கருகி, தடிமனான ஒரு படலமாகப் படிந்திருந்தது. கான்டாக்ட் சேரவே முடியாது. கீழே டெர்மினல் பிளாக்கில் இரண்டு ஃபேஸுக்குக் குறுக்கே காய்ந்துபோன ஒரு பல்லி.

"சாருங்க, கரண்ட் கம்மியா இழுக்கும்கிறீங்க, நல்லதுங்க. அஞ்சு ஹெச்.பி. மோட்டார் ஓடுற எடத்துல அதை யாருங்க பாக்கப் போறாங்க? எறும்புக்கு என்ன பண்றதுன்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டு வேரியாக்கை மெதுவாகக் கீழே திருகினார். வோல்டேஜ் இறங்க இறங்க ரிலே படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. கடைக்கோடித் தோட்டத்துக்கு வோல்டேஜ் இப்படித்தான் வந்து சேருமாம். கரண்ட் வரும்போது விவசாயி பக்கத்தில் இருக்க மாட்டார். ஆட்டோ ஸ்டார்ட்டர் தானாகப் போடும். ஒரு ஃபேஸ் போனதை அந்தச் சின்னப் பெட்டி கண்டுபிடிக்கத் தவறினால் மோட்டாரின் காயில் கருகிவிடும். மறுபடி சுற்றி வரும்வரை பயிருக்குத் தண்ணீர் கிடையாது. அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. தொழிலின் பாடமாகச் சொன்னார். சாயங்காலம்வரை அப்படித் திரும்பி வந்திருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரும்பி வந்து அடுத்த சில்லுக்கு நான் எழுதிய தேவைப் பட்டியலில் மின்சாரச் சிக்கனம் கீழே இறங்கியது. எவ்வளவு தாழ்ந்த வோல்டேஜிலும் தள்ளாடாமல் நிற்க வேண்டும் என்பது மேலே ஏறியது. உயர் வோல்டேஜ் வரும் காலுக்குப் பக்கத்துக் காலை எடுத்துவிடச் சொன்னேன். இடைவெளி கூடினால் தூசியும் ஈரமும் பூச்சியும் பாலம் போடுவது கடினம். ஒரு காலை இழப்பதற்கு வடிவமைப்புக் குழு லேசில் சம்மதிக்காது, சம்மதிக்கவும் கூடாது. மின்கசிவு போகிற வழியைப் போர்டில் வரைந்து காட்டினேன். அந்தக் காலில் இருந்த வேலையை வேறெங்கே மாற்றலாம் என்றும் வரைந்தேன். பேச்சு அதோடு முடிந்தது. கருத்துக் கணிப்பு அறிக்கையை மட்டும் கையில் வைத்திருந்தவரால் அந்த அறையில் அதைச் சாதித்திருக்க முடியாது.

பொறியியலை விட்டுப் போய்விட்டேன் என்று பழைய நண்பர்கள் சொல்லும்போது அதனால்தான் எனக்கு ஒப்புக்கொள்ள முடிவதில்லை. டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தை எழுதுகிற வேலை இப்போது என்னுடையது. அங்கே போடும் ஒவ்வொரு எண்ணையும் உள்பக்கத்து அட்டவணையின் ‘அதிகபட்சம்’ என்ற கட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அச்சுக்கு விடுவதில்லை. ‘சாதாரணமாக’ என்ற கட்டத்து எண்ணை மட்டும் எடுத்து முதல் பக்கத்தில் போட்டால் அழகாக இருக்கும். ஆனால் கோடை வெயிலில், தகரப் பெட்டிக்குள், அந்த எண் நிற்காது. அதை நம்பி வாங்கியவர் கணபதியில் உட்கார்ந்திருக்கிறார்.

இந்தப் பக்கம் வரலாமா என்று யோசிக்கும் இளம் பொறியாளர்கள் எம்.பி.ஏ. கட்டாயமா என்று கேட்கிறார்கள். முடிந்தால் படியுங்கள், விலை வைப்பதும் லாபக் கணக்கும் தெரிந்திருப்பது நல்லது. சால்டரிங் அயர்னை மட்டும் யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் கம்பெனியின் பொருளை வாங்குகிறவர்களில் மிகச் சிறியவர் யாரென்று விசாரித்து, அவர் பட்டறைக்கு ஒரு முழுநாள் போய் வாருங்கள். முதல் முறை போகும்போது லேப்டாப் வேண்டாம்.