அத்தா விட்டுச் சென்ற வண்டி

எங்கள் அத்தா வஃபாத்தானபோது கடன் எதையும் விட்டுச் செல்லவில்லை. டாடா 207 பிக்கப் ஒன்றை விட்டுச் சென்றார். சைசிங் ஆலையிலிருந்து பாவு பீம்களை ஏற்றிப் பல்லடம், சோமனூர்ப் பகுதித் தறிக்கூடங்களில் இறக்குவதும், நெய்த காடாத் துணியைத் திரும்ப ஏற்றி வருவதுமே அதன் வேலை. அண்ணன், தம்பி இருவர் குடும்பங்களும் அல்லாஹ்வின் அருளால் இன்றுவரை அதன் வருவாயில்தான் உண்கின்றன.

புதிய வண்டி வாங்கச் சொல்லாதவர் இல்லை. மொத்தப் பணம் கையில் இல்லை. தவணை என்றால் வட்டி. அது வேண்டாம் என்று நாங்கள் துணிந்ததால், பழைய வண்டியைப் பேணுவதைத் தவிர வேறு வழி இல்லாமற் போயிற்று. எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். அந்த மாதம் வந்தால் வீட்டில் யாரும் புதுத்துணிப் பேச்சே எடுப்பதில்லை.

தறி ஊரில் வண்டிக்கு வரும் முதல் நோய் பஞ்சுத் தூசு. ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கிடையே அது படிந்துவிட்டால் காற்றுப் புகாமல் எஞ்சின் சூடேறும். முன்பக்கத்திலிருந்து காற்றடித்தால் தூசு இன்னும் உள்ளே ஏறும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி அடிக்க வேண்டும். இதைச் சொல்லித் தந்தவர் அத்தா. ஏர் ஃபில்டர் அடைத்தால் புகை கறுக்கும், நீலமாக வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது என்பதும் அவரிடம் கற்றதே. உதிரிபாகம் தேடி அவருடன் கோவை உக்கடத்துப் பழைய கடைகளில் அலைந்த நாட்கள் எங்களுக்குப் பள்ளிக்கூட விடுமுறையைவிட இனியவை.

கற்றும் ஒருமுறை தவறினோம். பின்சக்கர வீல் சிலிண்டரில் பிரேக் ஆயில் கசிந்தது. உள்ளே இருக்கும் ரப்பர் கப்பை மாற்ற ஒரு நடை வாடகைகூட ஆகாது. எங்கள் ஓட்டுநர், "தம்பி, பெடல் கொஞ்சம் கீழ போகுதுங்க" என்று இருமுறை சொன்னார். கூலி நிலுவையில் இருந்தது. ஆயிலை மட்டும் ஊற்றி ஊற்றி ஓட்டச் சொன்னோம். காரணம்பேட்டை அருகே பீம் ஏற்றி வந்தபோது பெடல் அடிவரை இறங்கிவிட்டது. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, சாலையோர மண்ணில் இறக்கி நிறுத்தினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அன்று மாலை அவர் எங்களைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாங்கள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டிக்குப் பணம் இல்லை என்பது பொய். அவருடைய உயிரை அடகு வைத்துச் சேமித்திருந்தோம்.

விற்றுவிடலாம் என்று தோன்றியது. அப்போது நீலப்புகையும் தொடங்கியிருந்தது. பார்க்க வந்த தரகர், "கெட்டி ஆயிலை ஊத்தி விடுங்க பாய், பத்து நாளைக்குப் புகை தெரியாது" என்றார். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டதை மதரஸாவில் படித்திருக்கிறோம். மேலே காய்ந்த தானியம், உள்ளே நனைந்தது. இங்கே உலோகத்துக்குள் ஆயில், அவ்வளவே வேறுபாடு. வாங்குபவனும் எங்களைப் போல் வேறொரு ஓட்டுநரை அதில் அமர்த்துவான். புகையைச் சொல்லித்தான் விற்போம் என்றோம். தரகர் மறுபடி வரவில்லை.

உம்ராவுக்கென்று அம்மா சேர்த்து வைத்திருந்த தொகையை அவரே எடுத்துக் கொடுத்தார். எஞ்சினை இறக்கி, போர் அடித்து, பிஸ்டனும் ரிங்கும் புதிதாகப் போட்டோம். பிரேக் லைனரும் கப்பும் மாற்றினோம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், குறைந்தால் ஊற்றுவதோடு நில்லாமல் இரண்டு ஆண்டுக்கொருமுறை முழுவதும் மாற்றுவதென்று சுவர் நாட்காட்டியில் எழுதியிருக்கிறோம்.

உம்ராத் தொகை முதலிலிருந்து சேர்கிறது. ஃபஜ்ர் தொழுதுவிட்டு வரும்போது ஓட்டுநர் வந்திருப்பார். பெடலை மூன்று முறை மிதித்துப் பார்த்த பிறகே சாவியைத் திருப்புகிறார். நாங்கள் விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்சக்கரத்தின் உட்புறம் குனிந்து பார்க்கிறோம்.