வழிக்கு வேண்டிய நீர்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் அமைந்த சிற்றூர் எங்கள் தோணிரேவு. தோணிகள் வந்து அணையும் துறை என்பதே அப்பெயரின் பொருள். கண்ணுக்கு எட்டிய தொலைவெல்லாம் நீர்தான். ஆயினும் கடலோடு கலந்த உவர்நீர் ஆதலால் ஒரு மிடறும் பருக இயலாது. எனவே ஏரிக்குள் செல்வோர் வலையோடு குடிநீரையும் மறவாமல் எடுத்துச் செல்வர். என் பெரியப்பா சொல்வார்: “தம்பி, ஆளை எண்ணு, போகவர ஆகும் நேரத்தை எண்ணு, காற்று எதிர்த்தால் ஆகும் நேரத்தையும் சேர்த்துக்கொள். அப்புறம் குடத்தை நிரப்பு.”

இக்கணக்கு, கால்நடையாகத் தலங்களுக்குச் செல்லும் அடியவர்களுக்கும் பொருந்தும். திருவண்ணாமலைக் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். முதியோர் மெல்ல நடந்தால் 5 மணி நேரம் ஆகும். நடப்பவருக்கு மணிக்கு அரை லிட்டர் நீர் என்பது பொதுவான அளவு. அவ்வாறாயின் இரண்டரை லிட்டர் வேண்டும். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. அத்தனையையும் தோளில் ஏற்றினால் முழங்கால் தாங்குமா? ஆனால் முழுவழிக்குமான நீரை நாம் சுமக்க வேண்டுவதில்லை. அடுத்து நீர் கிடைக்கும் இடம் வரைக்கும் போதுமானதும், அங்கே கிடைக்காவிடில் உதவும் சிறு மிச்சமும் இருந்தால் போதும். கிரிவலப் பாதையில் நிரப்பிக்கொள்ள இடங்கள் உண்டு. ஒரு லிட்டர் பாத்திரமே போதும். வெள்ளியங்கிரி போன்ற மலைகளில் சுனைகளை நம்பிச் செல்வோர், கோடையில் அவற்றில் நீர் உண்டா என்று முன்னரே கேட்டறிதல் நன்று.

அளவு சரியாக இருந்தும் ஆபத்து நேர்வதுண்டு. ஒரு பௌர்ணமியன்று எங்கள் ஊர்க்குழுவில் வந்த மூதாட்டி ஒருவர், நிருதி லிங்கத்தைக் கடந்ததும் தலைசுற்றி அமர்ந்துவிட்டார். அவர் பையில் இருந்த பாத்திரம் நிறைய நீர், திறக்கப்படவே இல்லை. “ஏன் அக்கா குடிக்கவில்லை?” என்றேன். “வழியில் ஒதுங்க இடம் தேட வேண்டுமே, தம்பி. கோயில் சேர்ந்ததும் குடிக்கலாம் என்றிருந்தேன்” என்றார். சிறிது சிறிதாக நீர் பருகச் செய்து, நெடுநேரம் இளைப்பாற்றிய பின்னரே அவர் தெளிந்தார். அங்கிருந்து வருண லிங்கம் வரை அவரைக் கைத்தாங்கலாக அழைத்துச் சென்றோம். நீருக்கு அதிபதியான வருணன் வழிபட்ட லிங்கம் அது. அச்சந்நிதியில் நின்றபோது எங்களில் பலருக்குக் கண் கலங்கியது.

முதுமையில் தாக உணர்வே மங்கிவிடும். ‘தாகம் எடுக்கட்டும்’ என்று காத்திருந்தால் உடல் முன்னரே வாடிவிடும். நீரருந்தாது நடப்பதே தவம் என்று கருதுவோரும் உளர். அவர்கள் சுந்தரரை நினைக்க வேண்டும். திருக்குருகாவூருக்குச் செல்லும் வழியில் அவர் பசியாலும் தாகத்தாலும் வருந்தியபோது, சிவபெருமானே அந்தணர் வடிவில் பந்தல் அமைத்துக் காத்திருந்து, பொதிசோறும் தண்ணீரும் அளித்தார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. அடியவர் தாகத்தோடு வருவதை இறைவன் விரும்பவில்லை. திங்களூரில் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப்பந்தல் வைத்ததும் அத்திருவுள்ளம் அறிந்தே அன்றோ?

இப்பொழுது எங்கள் குழு ஒரு முறை வகுத்துள்ளது. அட்ட லிங்கங்கள் எட்டிலும் வணங்கியபின் ஒவ்வொருவரும் ஒரு தம்ளர் நீர் அருந்த வேண்டும். எட்டுத் தம்ளர் ஏறத்தாழ இரண்டு லிட்டர். வெயிலற்ற இரவு நடைக்கு அது போதும். கழிவறைகள் இருக்கும் இடங்களைப் புறப்படுமுன்பே பெண்களுக்குச் சொல்லிவிடுகிறோம். இருதயம், சிறுநீரகம் தொடர்பான மருந்து உண்போர் தமக்குரிய அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டே வருகின்றனர். தம் பங்குக்கு மேல் ஒரு சிறு பாத்திரத்தில் நீர் எடுத்துவரும் இளையோரும் உண்டு. வழியில் தளர்ந்திருக்கும் எவருக்கேனும் அது உதவும். அம்மூதாட்டியும் தவறாமல் எங்களோடு வலம் வருகிறார்.