வளைந்த குழல்

தமிழகத்தார் ‘துப்பாக்கி’ என்பதை நாங்கள் ‘துவக்கு’ என்போம். துருக்கி, பாரசீகம் வழியாக வந்த ஒரே சொல்லின் இரண்டு பிள்ளைகள் இவை. ‘துவக்கு’ என்றால் ‘தொடங்கு’ என்றும் பொருள் இருப்பதால், இந்த மண்ணில் பலவற்றைத் துவக்கி வைத்ததும் முடித்து வைத்ததும் துவக்குதான் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலேடையாகச் சொல்வதுண்டு. ஆயினும் இங்கே நான் எழுத எடுத்துக்கொண்டது அந்தப் பெரிய துவக்குகளைப் பற்றியன்று. வெடிமருந்து இல்லாத, சுருள்வில்லால் இயங்கும் காற்றுத் துவக்கைப் பற்றி. குறிப்பாக, அதன் குழல் வளைந்துபோனால் என்ன செய்வது என்பதைப் பற்றி.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. அதன் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. படுவான்கரையின் வாழ்வு வேளாண்மை. வேளாண்மையின் தீராத வழக்கு கிளியோடும் பன்றியோடும். போருக்கு முந்திய காலத்தில் போடியார் வீடுகள் சிலவற்றில் பன்றிக்கு அனுமதிப்பத்திரத்தோடு ஒரு வேட்டைத் துவக்கும், கிளிக்கு ஒரு காற்றுத் துவக்கும் இருக்கும். காற்றுத் துவக்கு என்றால் பெரும்பாலும் ஜேர்மனியின் ‘டயானா’தான். வேட்டைத் தெய்வமான டயானா வில்லைக் கீழே போட்டுவிட்டுத் துவக்கைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்திருப்பதுதான் அதன் முத்திரை. சிறுவர்களாகிய எங்களுக்கு அவள் ஏதோ ஓர் அம்மனாகவே தெரிந்தாள்.

அதன் பொறிமுறை எளிமையானது. குழலை நடுவில் முறித்துக் கீழே இழுத்தால், உள்ளேயிருக்கும் உந்துதண்டு பின்னால் தள்ளப்பட்டுச் சுருள்வில் இறுகும். விசையோடு இணைந்த ஒரு சிறு கொளுவி அதைப் பிடித்துக்கொள்ளும். திறந்த குழல்வாயில் 4.5 அல்லது 5.5 மில்லிமீற்றர் ஈயச் சன்னத்தை, உடுக்கை வடிவிலான அந்தச் சிறு துண்டை, வைத்துக் குழலை மூடவேண்டும். விசையை அழுத்தினால் கொளுவி விடும். சுருள்வில் உந்துதண்டை முன்னே எறியும். அதன் முன்னால் நசுங்கிய காற்று சன்னத்தைத் தள்ளும்.

குழலை மூடுவதற்கு முன் விசையை அழுத்தினால் என்ன ஆகும்? உந்துதண்டு முன்னே பாயும்போது, அதனோடு இணைந்த நெம்புகோல் குழலை இழுத்து மேல்நோக்கி அறைந்து மூடும். குழலின் அடி உடலில் மோதி நின்றுவிடும். நுனியோ வந்த வேகத்தில் இன்னும் மேலே போகப் பார்க்கும். அந்த ஒரு கணத்தில் குழல் அடிக்குச் சற்று முன்னால் மேல்நோக்கி வளைந்துவிடும். சில வேளை கட்டையும் பிளக்கும். சன்னம் வைத்துக்கொண்டிருக்கும் விரல் இடையில் இருந்தால், அந்த விரலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

1982ஆம் ஆண்டில் என் மாமாவின் வீட்டுத் துவக்குக்கு இதுதான் நடந்தது. அவருடைய மூத்த மகன், என் மச்சான், வயல் வாடியில் குழலைத் திறந்தபடி பிடித்திருந்தபோது ‘சடார்’ என்று மூடிக்கொண்டது. விரல் தப்பியது. அதன்பின் இருபது யார் தூரத்தில் வைத்த தேங்காய்ச் சிரட்டைக்கு மேலாகவே சன்னங்கள் போயின. மாமா துவக்கைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, மண்முனைத் துறையில் ‘பாதை’ ஏறி வாவியைக் கடந்து, நகரத்தில் ஒரு சைக்கிள் கடைக்காரரிடம் கொண்டுபோனார். நானும் கூடவே போனேன். (மண்முனையில் பாலம் வந்தது 2014இல்தான். வெளியூர் வாசகர்களுக்காக: இங்கே ‘பாதை’ என்பது தெருவன்று, ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக் கடக்கும் மிதவை.)

அந்தப் பெரியவர் சுத்தியலைத் தொடவேயில்லை. நெருப்பையும் மூட்டவில்லை. முதலில் குழலின் அச்சாணி ஆடுகிறதா, கட்டையின் திருகாணிகள் தளர்ந்தனவா, குறிகாட்டி நகர்ந்ததா என்று பார்த்தார். சன்னம் மேலே போவதற்கு வளைவு மட்டுமே காரணம் என்று முடிவு கட்டிவிடக்கூடாது என்றார். பிறகு குழலைத் தனியே கழற்றி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். நேரான குழலினுள் ஒளி ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்களாய்த் தெரியும். வளைந்த குழலில் அந்த வட்டங்கள் ஒருபக்கம் ஒதுங்கிப் பிறையாகும். நான் கண்டது பிறை.

இரண்டு மரக்கட்டைகளின் மேல் குழலைத் தாங்க வைத்து, வளைவின் முதுகுக்கு நேரே துணி சுற்றி, சிறிது சிறிதாக அழுத்தினார். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பின்னும் உள்ளே பார்த்தார். உருக்கு கொஞ்சம் திரும்பி எழும் இயல்புடையது. ஆகவே வேண்டியதற்கு ஒரு மயிரிழை அதிகமாகத் தள்ளவேண்டும், அந்த மயிரிழையில்தான் தொழில் இருக்கிறது. பிற்காலத்தில் வாசித்தபோது, ஐரோப்பியத் துவக்குப் பட்டறைகளிலும் தலைமுறை தலைமுறையாகக் குழலின் உள்ளே விழும் நிழலைக் கண்ணால் பார்த்தே குழல்களை நேராக்கினார்கள் என்று அறிந்தேன். எங்கள் சைக்கிள் கடைக்காரருக்கு அதை யார் கற்றுக்கொடுத்தார்களோ!

பிறை வட்டமாகியது. மாமா காசை நீட்டினார். பெரியவர் வாங்கவில்லை. மச்சானைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்: “தம்பி விசையைத் தொட்டவரா, தொடாமலே மூடினதா?”

மாமாவுக்குத் தெரியவில்லை. பெரியவர் துவக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை. “தொட்டிருந்தா பிள்ளைக்குப் புத்தி சொன்னாப் போதும். தொடாம மூடியிருந்தா கொளுவி தேஞ்சுபோச்சு. அதைப் பார்க்காமக் குழலை மட்டும் நிமிர்த்தித் தந்தா, நாளைக்கு விரல் போறதுக்கு நான் பொறுப்பு” என்றார். உட்பொறியைக் கழற்றினார். கொளுவியின் முனை உருண்டு மழுங்கியிருந்தது. அதற்கு மாற்று கிடைக்க இரண்டு மாதமாயிற்று. அதுவரை துவக்கு அவருடைய கடையிலேயே கிடந்தது.

அந்தத் துவக்கு நெடுநாள் நிலைக்கவில்லை. ஊர்களில் இருந்த வேட்டைத் துவக்குகளில் ஒரு பகுதியை இயக்கங்கள் கொண்டுபோயின. எஞ்சியவற்றை வைத்திருப்பதே ஆபத்தாயிற்று. சுற்றிவளைப்பில் வருபவன் கையில் அகப்பட்ட குழல் கிளிக்கானதா ஆளுக்கானதா என்று ஆராய்ந்துகொண்டிருக்கமாட்டான். 1985இல் ஓர் இரவு மாமா குழலைக் கழற்றி வாவியில் எறிந்தார். கட்டையை மாமி அடுப்பில் வைத்தார். 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் மக்கள் கொன்று குவிக்கப்பட்டபோது, அவர் அன்று செய்தது சரியென்றும் சொல்லமுடியவில்லை, தவறென்றும் சொல்லமுடியவில்லை. கொல்லப்பட்டவர்களின் கைகளில் துவக்கு இருக்கவில்லை.

இப்போது இந்தக் கதையை எழுதக் காரணம் இருக்கிறது. குரங்கும் மயிலும் பயிரை அழிக்கின்றன என்ற முறைப்பாடு நாடெங்கும் உண்டு. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை ஐந்து நிமிடங்கள் நாடு முழுவதும் மக்களைக் கொண்டே அவற்றைக் கணக்கெடுக்கும் அளவுக்கு அது வளர்ந்தது. காற்றுத் துவக்கு பற்றிய பேச்சும் கூடவே திரும்பி வந்திருக்கிறது. படுவான்கரையில் கமம் செய்யும் என் மருமகன், நண்பன் ஒருவனிடம் இருந்த பழைய துவக்கொன்றின் வளைந்த குழலை எப்படி நேராக்குவது என்று என்னிடம் கேட்டான்.

அவனுக்கு மூன்று விடயங்கள் சொன்னேன். ஒன்று, 1916ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கண்ணில் காற்றுத் துவக்கும் துவக்குதான். முதலில் கச்சேரியில் விசாரி, பிறகு பட்டறையைத் தேடு. இரண்டு, அந்தச் சன்னம் மயிலையோ குரங்கையோ உடனே கொல்லாது. காயத்தோடு காட்டுக்குள் அனுப்பும், அங்கே அது நாட்கணக்கில் சாகும். ஆனால் வரம்பில் நிற்கும் ஒரு பிள்ளையின் கண்ணைப் போக்க அது போதும். மூன்றாவது, அந்தச் சைக்கிள் கடைக்காரருடைய கேள்வி: எப்படி வளைந்தது?

நண்பனுக்கு அது தெரியவில்லையாம். அப்படியென்றால் குழலை நிமிர்த்தாதே என்றேன். வளைந்த குழலோடு இருக்கும்வரை அதை யாரும் நம்பித் தோளில் வைக்கமாட்டார்கள். நேராகத் தெரிந்தால் வைப்பார்கள். உட்பொறியைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒருவர் கிடைக்கும்வரை அது அப்படியே வளைந்து கிடக்கட்டும்.

மருமகன் சிரித்தான். கிளிக்கு என்ன செய்வது என்று கேட்டான். பரண் கட்டித் தகரம் தட்டச் சொன்னேன். பழைய வழி, தூக்கம் கெடும் வழிதான். ஆனால் பத்து விரலும் மிஞ்சும்.