போர்டைக் கழட்டிட்டான், தெரு அங்கேயேதான் இருக்கு

பி.காம் படிக்கிறவனுக்கு கம்ப்யூட்டர் மெக்கானிக் வேலை எதுக்குடான்னு வகுப்புல ஏற்கனவே கிண்டல் ஓடிக்கிட்டிருக்கு. இருந்தாலும் 2025 ஜனவரியில நான் முழிச்ச முழி இன்னொருத்தருக்கு வரவேண்டாம்னுதான் இந்தப் பதிவு.

முதல்ல பெட்டியைப் பத்தி ரெண்டு வார்த்தை. என்கிட்ட இருக்கறது பெரியப்பா பையன் விழுப்புரத்துல +2 படிச்சப்ப வாங்கின தமிழ்நாடு அரசு லேப்டாப். 2011 செப்டம்பர் 15-ல ஆரம்பிச்ச திட்டம் அது. அந்தப் பெட்டிகள்ல விண்டோஸோட கூடவே சி-டாக் தயாரிச்ச பாஸ் லினக்ஸும் போட்டுத்தான் கொடுத்தாங்க. எங்க சொந்தக்காரப் பசங்க பாதிப் பேர் வாங்கின வாரமே பாஸைத் தூக்கிட்டு, அந்த இடத்துல சினிமாப் படம் நிரப்பினாங்கங்கறது தனிக்கதை :-) அண்ணன் வேலைக்குப் போனதும் லேப்டாப் என் கைக்கு வந்துச்சு. பாஸுக்கு அடிப்படையே டெபியன்தான்னு கேள்விப்பட்டு நேரா டெபியனையே போட்டேன். டேலிக்காக மட்டும் ஒரு ஓரமா விண்டோஸ் 10.

அந்த வருஷம் எங்களுக்கு ஒரு சின்ன ப்ராஜெக்ட். பெரிய மார்க்கெட்ல (குபேர் அங்காடின்னு போர்டுல இருக்கும், யாரும் அப்படிச் சொல்றதில்லை) காய்கறி விக்கிறவங்க தண்டல் வாங்கி எப்படி சமாளிக்கறாங்கன்னு எடுத்துக்கிட்டேன். 41 பேர். விடியக்காலை போய் நின்னு, வியாபாரத்துக்கு நடுவுல கேட்டுக் கேட்டு எழுதினது. எழுதின பேப்பரெல்லாம் 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தப்ப வீட்டுக்குள்ள வந்த தண்ணியில ஊறிப் போச்சு. நல்லவேளை, அதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் லிப்ரேஆபிஸ்ல ஏத்தி வெச்சிருந்தேன். டெபியன் பக்கம். ஒரே ஒரு காப்பி.

இப்படி இருக்கறப்ப விண்டோஸ் ரொம்பத் திணறுதுன்னு ஒரு ஞாயித்துக்கிழமை சி டிரைவை மட்டும் அழிச்சுட்டு திரும்ப இன்ஸ்டால் பண்ணினேன். ரீஸ்டார்ட் ஆச்சு. எந்த ஓஎஸ் வேணும்னு கேக்கற அந்த மெனு வரவே இல்லை. நேரா விண்டோஸ். உள்ள போய்ப் பார்த்தா டெபியன் இருந்த சுவடே தெரியலை. ஙேன்னு உக்காந்துட்டேன்.

பக்கத்துல ஒரு கடைக்குத் தூக்கிட்டு ஓடினேன். "போனது போனதுதான் தம்பி. மொத்தமா ஃபார்மட் அடிச்சுப் புதுசா போட்டுரலாம், ஐநூறு ரூபா ஆகும்" என்றார் அண்ணன். சரின்னு தலையாட்டப் போய், எதுக்கும் இருக்கட்டும்னு லாஸ்பேட்டை நண்பனுக்கு ஒரு போன் போட்டேன். அவன் சொன்னது: "மச்சான், டிஸ்க்ல எதையும் எழுத விடாதே. போர்டைத்தான் கழட்டியிருக்கான், தெரு அங்கேயேதான் இருக்கு."

நம்ம ஊர்ல ஒயிட் டவுன் பக்கம் தமிழ்லயும் பிரெஞ்சுலயும் நீல போர்டு இருக்குமே, அதை நினைச்சுக்கோங்க. பழைய முறை பயாஸ் பெட்டிகள்ல ஹார்ட் டிஸ்க்கோட முதல் 512 பைட்டுக்கு மாஸ்டர் பூட் ரெக்கார்டுன்னு பேர். அதுல 446 பைட் கிளப்பிவிடற நிரல், 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை, மிச்சம் 2 பைட் முத்திரை. அந்த 446 பைட்ல கிரப்போட முதல் துண்டு உக்காந்திருக்கும். விண்டோஸ் இன்ஸ்டால் ஆகும்போது யாரையும் கேக்காம தன்னோட நிரலை அங்க எழுதிடும். அட்டவணை, அதுக்குப் பின்னாடி இருக்கற லினக்ஸ் பார்ட்டிஷன் எல்லாம் பத்திரமா இருக்கும். லினக்ஸோட எக்ஸ்ட்4 வடிவத்தை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது, அதனாலதான் உள்ளே போய்ப் பார்த்தாலும் கண்ணுல படலை.

அன்னைக்கு ராத்திரி செஞ்சது இதுதான்:

1. நண்பன் கொடுத்த லைவ் பென்டிரைவ்ல பூட் பண்ணினேன். பழைய முறையில இன்ஸ்டால் ஆன பெட்டின்னா பென்டிரைவும் பழைய முறையிலதான் கிளம்பணும். யுஇஎஃப்ஐன்னா யுஇஎஃப்ஐ.

2. லினக்ஸ் பார்ட்டிஷனைத் தேடி மவுண்ட் பண்ணினேன். ஃபோல்டரைத் திறந்தா 41 பேரும் வரிசையா உக்காந்திருக்காங்க! கண்ணு கலங்கிடுச்சு, சத்தியமா. முதல் வேலையா ஃபைலை இன்னொரு பென்டிரைவுக்கு மாத்தினேன். ரிப்பேரெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

3. டெவ், ப்ராக், சிஸ் மூணையும் அதோட பைண்ட் பண்ணி, சிஎச்ரூட் கட்டளையால பழைய டெபியனுக்குள்ள நுழைஞ்சேன். பூட்டுக்குத் தனி பார்ட்டிஷன் வெச்சிருக்கறவங்க அதையும் மவுண்ட் பண்ணணும்.

4. கிரப்-இன்ஸ்டால். இங்க கொடுக்கவேண்டியது முழு டிஸ்க்கோட பேரை (எஸ்டிஏ), பார்ட்டிஷன் நம்பரை இல்லை. நான் முதல்ல எஸ்டிஏ5-ன்னு கொடுத்து வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

5. அப்டேட்-கிரப். அப்புறம் வெளிய வந்து ரீஸ்டார்ட். மெனு வந்துச்சு!

இங்க ஒரு சிக்கல் வரலாம். 2021-ல வந்த கிரப் 2.06-லிருந்து, மத்த ஓஎஸ்களைத் தேடற ஓஎஸ்-ப்ரோபரை இயல்பா அணைச்சே வெச்சிருக்காங்க. மெனுவுல லினக்ஸ் வந்து விண்டோஸ் வரலைன்னா பதறாதீங்க. கிரப் அமைப்பு ஃபைல்ல அந்தத் தடையை எடுத்துட்டு மறுபடி அப்டேட்-கிரப் கொடுத்தா போதும்.

புது லேப்டாப் வெச்சிருக்கறவங்களுக்கு வேலை இன்னும் சுலபம். யுஇஎஃப்ஐல ரெண்டு ஓஎஸ்ஸோட லோடரும் ஒரு சின்ன ஃபேட்32 பார்ட்டிஷன்ல தனித்தனி ஃபோல்டர்ல இருக்கும். பெரும்பாலும் விண்டோஸ் தன்னை வரிசையில முதல்ல போட்டுக்கறதுதான் பிரச்சனை. பயாஸ் செட்டிங்ல வரிசையை மாத்தினாலே சரியாகிடலாம். ஆனா பிட்லாக்கர் போட்டிருந்தா, கை வைக்கறதுக்கு முன்னாடி அதோட ரெகவரி கீயைக் குறிச்சு வெச்சுக்கோங்க.

முடிச்சுட்டுப் பார்த்தா மணி ரெண்டரை. அம்மா எழுந்து வந்து "இன்னும் தூங்கலையா?"ன்னாங்க. "41 பேர் திரும்பி வந்துட்டாங்கம்மா"ன்னேன். ஒரு மாதிரியா பார்த்துட்டுப் போயிட்டாங்க.

பொழுது விடிஞ்சதும் மார்க்கெட் பக்கம் போனேன். தக்காளி விக்கிற அக்கா "என்ன தம்பி, எங்க கணக்கெல்லாம் பத்திரமா இருக்கா?"ன்னு கேட்டாங்க. சும்மா பேச்சுக்குக் கேட்டதுதான். எனக்குத்தான் சுருக்குனு இருந்துச்சு. தண்டல்காரனுக்கு எவ்வளவு தரணும்னு வீட்டுக்காரர்கிட்டகூட சொல்லாததை அந்த அக்கா என்னை நம்பிச் சொல்லியிருக்காங்க. அதை ஒரே டிஸ்க்ல போட்டு வெச்சிருந்தவன் நான். மூணு வருஷமா டபுள் என்ட்ரி படிச்சு என்ன புண்ணியம்? இப்போ ரெண்டு பென்டிரைவ்ல காப்பி இருக்கு. ஒண்ணு பெரியப்பா வீட்டுல.

டிஸ்கி: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. இந்தப் பழைய பெட்டியில 11 ஏறாது. அதனால விண்டோஸ் பக்கம் நெட் இல்லாம டேலி மட்டும், மத்ததெல்லாம் டெபியன்லதான். சந்தேகம் இருந்தா கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன். அதுக்கு முன்னாடி ஃபைலைக் காப்பி எடுத்துட்டு வாங்க!