தலைகீழாக நின்ற புழு

போன சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குத்தான் மகளுக்கு ஞாபகம் வந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு 'ஆதிகால உயிரினம்' சார்ட் கொண்டுபோகணுமாம். புனேயில் அந்நேரத்துக்கு எந்தக் கடை? வீட்டில் கிடந்த ஒரே சார்ட் பேப்பரை எடுத்துக்கொண்டு நானே உட்கார்ந்துவிட்டேன்.

காரணம் உண்டு. காலேஜ் நாட்களில் திருவல்லிக்கேணி நடைபாதையில் வாங்கிய 'வொண்டர்ஃபுல் லைஃப்' (ஸ்டீபன் ஜே கூல்ட், 1989) இன்னும் என்னிடம் இருக்கிறது. கனடாவின் ராக்கி மலையில் 1909-ல் சார்லஸ் வால்காட் கண்டுபிடித்த பர்ஜஸ் ஷேல் பற்றிய புத்தகம். சுமார் 50 கோடி வருஷங்களுக்கு முன் கடலடிச் சேறு சரிந்து, அங்கிருந்த உயிர்களை அப்படியே மூடிவிட்டது. வழக்கமாக ஓடும் எலும்பும்தான் கல்லில் தங்கும். இங்கே குடல், கண், மெல்லிய கால்கூடப் பதிந்திருக்கிறது.

அதில் என் செல்லம் ஹாலுசிஜீனியா. சில சென்டிமீட்டர் நீளப் புழு. புத்தகத்தில் உள்ளபடியே, ஏழு ஜோடி முள்ளை ஊன்றிப் பொய்க்கால் ஆட்டக்காரர் மாதிரி நிற்க வைத்தேன்.

"அப்பா, தலைகீழா வரைஞ்சிருக்கீங்க."

"புத்தகத்துல இப்படித்தான் இருக்கு. உனக்கு ரொம்பத் தெரியுமோ?"

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மனசு கேட்காமல் தேடிப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி! 1977-ல் சைமன் கான்வே மாரிஸ் முள்ளைக் கால் என்று நினைத்தார். 1991-ல் ராம்ஸ்கோல்டும் ஹூ சியான்குவாங்கும், சீனாவின் செங்ஜியாங்கில் கிடைத்த உறவுக்காரப் புழுக்களோடு ஒப்பிட்டு, முள் முதுகில் என்று திருப்பிப்போட்டார்கள். 2015-ல் ஸ்மித், கேரன் இருவரும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், தலை என்று நம்பிய உருண்டை வெறும் கறை. செத்த உடம்பிலிருந்து பிதுங்கிய திரவம். கண்ணும் வாயும் மறுமுனையில்!

கான்வே மாரிஸ் தன் தப்பை ஒப்புக்கொண்டார். எனக்கோ ஒரு சார்ட் பேப்பருக்கே ரோஷம். "உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஞாயிறு காலையில் கேட்டேன். ஏதோ வீடியோவில் பார்த்தாளாம். "நீ சொன்னதுதான் சரி, ராத்திரி கத்தியிருக்கக் கூடாது" என்றேன். ஒன்றும் சொல்லாமல் சார்ட்டைத் தலைகீழாகத் திருப்பிவைத்தாள்.

"இன்னொரு வரிசை கால் வரையணும். தலையை அந்தப் பக்கம் மாத்தணும். ரப்பர் எடுங்கப்பா."

எடுத்துக் கொடுத்தேன். பென்சிலையும் சேர்த்து :-)