ஐப்டேசியாவும் வெத்தலை சுண்ணாம்பும்

ஆபீஸ்ல ஆணி புடுங்கறது பத்தாதுன்னு வீட்டுலயும் ஆறு மாசமா அதே பொழப்பு. இங்க டாலஸ்ல, ஹால்ல வெச்சிருக்கற நாப்பது கேலன் கடல் தண்ணி தொட்டியைத்தான் சொல்றேன். நல்ல தண்ணி மீன் வளக்கறவங்க குடுத்து வெச்சவங்க. நமக்கு பவளம், லைவ் ராக்னு ஆசை. லைவ் ராக்னா கடல்ல கிடந்த பாறை. புழு, பாசி, பாக்டீரியான்னு ஒரு ஊரே அதுல குடியிருக்கும். அழைக்காத விருந்தாளியும் அதுல ஏறித்தான் வருவார்.

நம்ம வீட்டுக்கு வந்தவர் பேரு ஐப்டேசியா. கடல் சாமந்தி ஜாதி. பழுப்பா, கண்ணாடி மாதிரி, பாக்கறதுக்கு குட்டித் தென்னை மரம். "ஐ, அழகா இருக்கே"ன்னாங்க தங்கமணி. ரெண்டு மாசத்துல முப்பது தென்னை மரம்! பக்கத்துல இருந்த ஸோவா பவளம் கொட்டு வாங்கி வாங்கி விரியறதையே நிறுத்திடுச்சு. அது கல்யாண நாளுக்கு தங்கமணி வாங்கிக் குடுத்தது. ஸோ, மேட்டர் சீரியஸ்.

"இடுக்கியால நசுக்கிட வேண்டியதுதானே?"ன்னு கேட்டாங்க. அதைத்தான் செய்யக் கூடாது. இது சாதாரணமாவே அடிப்பாதத்துலேர்ந்து துணுக்கு துணுக்கா விட்டுட்டுப் போகும், ஒவ்வொரு துணுக்கும் தனி ஐப்டேசியாவா வளரும். நசுக்கினா அந்த வேலையை நாமளே செஞ்சு குடுத்த மாதிரி. கில் பண்ணா ஃபோர்க் ஆகற ப்ராசஸ், மக்கா!

மொத ஆயுதம் சுண்ணாம்பு. கால்க்வாஸர்னு ஜெர்மன் பேர்ல டப்பா போட்டு விக்கறாங்க. உள்ள இருக்கறது கால்சியம் ஹைட்ராக்சைடு, எங்க பாட்டி வெத்தலைல தடவுற அதே ஐட்டம். (அதுக்காக பாட்டி டப்பாவைக் கவுத்துடாதீங்க, வாசனைக்கு என்னென்ன கலந்திருக்கோ.) பம்பை நிறுத்திட்டு, கெட்டியா குழைச்சதை சிரிஞ்சுல எடுத்து, பதுங்கிடாம மெதுவா வாய் மேல விடணும். வெந்து போயிடும். நிறைய விட்டா தண்ணியோட பிஎச் எகிறும், அதனால நாளைக்கு மூணு நாலுதான். கண்ணுக்குத் தெரிஞ்சதெல்லாம் காலி. பாறைக்குப் பின்னாடி இருக்கறதை என்ன பண்ண?

பெப்பர்மின்ட் இறால் திங்கும்பாங்க. சிலது திங்கும், சிலது போட்ட சோத்தைத் தின்னுட்டு சும்மா உக்காந்திருக்கும். அதே ஜாடையில கூன் முதுகும் வெள்ளைக் கோடுமா ஒட்டக இறால்னு ஒண்ணு உண்டு, அது பவளத்தையே மேயும். பாத்து வாங்கணும்.

கடைசியா பெர்கியா. ஓடில்லாத கடல் நத்தை, சுண்டு விரல் நகத்தை விட கொஞ்சம் பெருசு. ஐப்டேசியாவைத் தவிர எதையும் திங்காது. தின்னதோட கொட்டற செல்லை செரிக்காம, முதுகுல இருக்கற நீட்டல்ல சேத்து வெச்சு தன்னோட ஆயுதமாக்கிக்கும். கில்லாடி! நைட் ஷிஃப்ட்லதான் வேலைக்கு வரும். எட்டு வாங்கி விட்டேன். அஞ்சு வாரம் ஒரு மாத்தமும் இல்ல. அப்புறம் கண்ணாடியில வெள்ளைச் சுருளா முட்டை. நாலாவது மாசம் தேடினாலும் ஒரு ஐப்டேசியா இல்ல. ஸோவா பழையபடி விரிஞ்சுது.

"இப்ப இதுங்க என்ன சாப்பிடும்?"னு தங்கமணி கேட்டாங்க.

ஒண்ணும் சாப்பிடாது. பட்டினிதான். ப்ராஜக்ட் முடிஞ்சதும் ஆளை பெஞ்ச்ல உக்கார வெச்சு வீட்டுக்கு அனுப்பறதை நம்ம தொழில்ல நிறைய பாத்தாச்சு. அதையே என் தொட்டியிலயும் செய்ய மனசு வரலை. மூணு ராத்திரி டார்ச் அடிச்சுத் தேடி ஆறு நத்தையைப் பிடிச்சேன். நாலு, இதே தொல்லையில இருக்கற ஒரு நண்பருக்குப் போச்சு. பதிலுக்கு அவர் குடுத்தது ஒரு கைப்பிடி ஐப்டேசியா, மீதி ரெண்டுக்கும் தீனி.

இதை வேணும்னே வளக்கற ஆராய்ச்சிக் கூடங்களும் இருக்கு. பவளத்துக்குள்ள இருக்கற மாதிரியே இதுக்குள்ளயும் பாசி குடியிருக்கு, சுலபமா சாகாது. அதனால பவளம் ஏன் வெளுக்குதுன்னு இதை வெச்சுத்தான் பாக்கறாங்க. 2015ல இதோட முழு மரபணுத் தொகுப்பையே வெளியிட்டாங்க.

நம்ம ஆராய்ச்சிக் கூடம் கிச்சன் ஜன்னலோரம் ஒரு ஊறுகாய் பாட்டில். இன்னிக்கு எண்ணினேன், பத்தொம்பது இருக்கு.